பக்கவாதத்துக்குப் பின் கைப் பயன்பாட்டுக் கேள்விப்பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவருதல்

‘மோட்டார் ஆக்டிவிட்டி லாக்’ பட்டியலை எடுத்துக்கொள்வோம். 30 அன்றாட வேலைகள். ஒவ்வொன்றுக்கும் பாதிக்கப்பட்ட கையை எவ்வளவு பயன்படுத்துகிறார், எவ்வளவு நன்றாக என இரு மதிப்பெண்கள், 0 முதல் 5 வரை.

முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி. பிறகு இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும்; ஒருவர் மருத்துவம் சாராதவராக இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத இருவரிடம் ஆங்கிலத்துக்குத் திருப்பக் கொடுங்கள். வேறுபாடுகளைக் குழு உட்கார்ந்து தீர்க்கட்டும். எடுத்த முடிவுகளையும் காரணங்களையும் எழுதி வையுங்கள்.

சிக்கல், பட்டியலின் வேலைகளில் வரும் பொருட்களில்தான். ஃபோர்க்கால் உண்பதைக் கையால் பிசைந்து உண்பதாக மாற்றினால் ஒரு பொறி: இடது கை பாதிக்கப்பட்டவர் முன்பும் இடது கையால் சாப்பிட்டிருக்கமாட்டார். அவருக்கு 0 போட்டால் பழக்கத்தை ஊனமாகக் கணக்கிடுகிறோம். எழுதுதலுக்கு இருப்பதுபோல் இதற்கும் ‘பொருந்தாது’ குறியீடு வேண்டுமா எனக் குழு முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். சாக்ஸ் அணியாதவர், கார் இல்லாதவர் என்றால் அதே அசைவு தேவைப்படும் வேலையைத் தேடுங்கள். வெறுமனே நீக்கினால் மூலத்தோடு ஒப்பிட முடியாது.

அடுத்து 30 முதல் 40 நோயாளிகளிடம் சோதனை. “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். கேள்வியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அதைத் தனியாகக் குறியுங்கள். நிலை மாறாதவர்களிடம் ஓரிரு வாரம் கழித்து மறுபடி கேட்டு, நம்பகத்தன்மையை, அதாவது இரு முறை மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்பதை, கணக்கிடுங்கள்.