முதல் பக்கத்தில் ட்ரோன் எதற்கு?

மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை நாலைந்து பேர் ஃபில்டர் காபியோடு உட்கார்ந்து ஒருவர் சினிமா ஸ்கிரிப்டை இன்னொருவர் படிப்போம். பெரும்பாலும் தொடக்கம் ஒன்றுதான்: விடிகிற மும்பை, ட்ரோனில் மேலிருந்து தாராவியின் தகரக் கூரைகள், லோக்கல் ரயில், பின்னணியில் ஒரு குரல், "இது தூங்காத ஊர்..." நானும் அப்படி எழுதியவன்தான்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. மூன்று பக்கம் ஊரைச் சுற்றினால் மூன்று நிமிடம் கதையே தொடங்கவில்லை. ஊரைக் காட்டவே கூடாது என்றில்லை. மழையில் தண்டவாளம் மூழ்கி சயான் பக்கம் லோக்கல் நிற்கிறது, உள்ளே ஹால் டிக்கெட்டோடு ஒரு பெண். இதுவும் மும்பைதானே?

இன்னொரு தவறு, குணத்தை விளக்கத்தில் எழுதுவது. நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "செல்வி, 35. தைரியசாலி. வாழ்க்கையில் நிறைய அடிபட்டவள்." சரி, இதைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? இரண்டு காபி உள்ளே போன பிறகு இப்படி மாறியது:

வெளி. தாராவி, குழாயடி – விடியற்காலை
குடங்களின் வரிசை. செல்வியின் குடத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஒருத்தி தன் குடத்தை வைக்கிறாள். செல்வி பேசாமல் நிற்கிறாள். மற்றவளின் குடம் நிரம்பியதும் அதைத் தூக்கி, தன் குடத்தில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறாள்.

வசனமே இல்லை. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அந்த இன்னொருத்தி சும்மா விடுவாளா என்பதற்காகவே அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

அப்புறம், முதல் சீனிலேயே எட்டுப் பேருக்குப் பெயர் வைத்து இறக்குவது. படிக்கிறவர் யார் யாரென்று திரும்பத் திரும்பப் பின்னால் போய்ப் பார்ப்பார். உறவைச் சொல்கிறேன் என்று "நீ என் கூடப் பிறந்த தம்பிடா" என்று எழுதுவது அதைவிடக் கொடுமை. எந்த அண்ணன் வீட்டில் அப்படிப் பேசுகிறான்?

அலாரம் அடித்து எழுவது, கெட்ட கனவு கண்டு எழுவது: இரண்டும் வேண்டாம்.

மும்பைக் கதை எழுதும் நம்மவர்கள் மொழியிலும் சறுக்குகிறார்கள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி என்று வளர்ந்த பையன், ஆட்டோக்காரரிடம் சென்னைத் தமிழில் மீட்டர் கேட்கிறான். எந்த இடத்தில் எந்த மொழி என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

போன மாதம் என் பழைய ஸ்கிரிப்டின் முதல் மூன்று பக்கத்தை உருவிவிட்டுப் படிக்கக் கொடுத்தேன். ட்ரோனை யாரும் தேடவில்லை. நாலாம் பக்கத்தில் வரும் மாமியாரைப் பற்றித்தான் பேச்சு.