வீட்டில் குரல் பதிவு: எங்கே கெடுகிறது?

பதிவு செய்த குரல் திருப்தியாக இல்லை என்றதும் பலர் அடுத்த மைக்கைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீடுகளில் குரல் சுவரில் பட்டுத் திரும்பி மறுபடி மைக்குக்குள் நுழைகிறது. விலை உயர்ந்த கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை) அந்த எதிரொலியையும் சேர்த்தே துல்லியமாக எடுத்துத் தரும். பதிவில் ஏறிவிட்டால் அதை முழுதாகப் பிரித்தெடுக்கச் சாஃப்ட்வேரால் முடியாது.

அறையைச் சரிசெய்கிறேன் என்று முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. ஓர் அங்குல ஃபோமும் ஏறக்குறைய அப்படித்தான். மெல்லிய பொருள் உச்ச அலைவரிசைகளை மட்டுமே உறிஞ்சும். குரலின் கனம் இருக்கிற 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை அதற்குப் பிடிபடாது. பளிச்சென்ற ஒலி போய்விடும், குழம்பிய கனம் தங்கிவிடும். குடத்துக்குள் பாடியது போல இருக்கும். கீழ் அலைவரிசையைக் கட்டுப்படுத்தத் தடிமன் வேண்டும்: 4 அங்குல ராக்வூல் (கல்நார் போன்ற கனிம இழை அல்ல, உருக்கிய பாறையிலிருந்து எடுத்த பஞ்சு) பலகையைத் துணியால் மூடி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் வித்தியாசம் உடனே கேட்கும்.

பணம் செலவழிக்காமலும் நிறையச் செய்யலாம், இடம் சரியாக இருந்தால். பாடப் பரவலாகப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும். அதன் முன்னே இருப்பது பாடுபவரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆனால் பலர் மைக்கின் பின்புறம் ஃபோம் மாட்டிவிட்டு, தங்கள் முதுகுப்புறச் சுவரை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைக்க வேண்டும். அல்லது துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டிப் பாடலாம். அறையின் நட்டநடுவும் மூலையும் வேண்டாம். பாடும் இடத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள்; ‘ட்ரிங்’ என்று சின்ன ரீங்காரம் வந்தால் எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றுக்கு இன்னும் துணி தேவை.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் போதும். மிகவும் நெருங்கினால் கீழ் ஒலிகள் ஊதிப்போகும். பாப் ஃபில்டரை (‘ப’ போன்ற ஒலிகளில் வரும் காற்றைத் தடுக்கும் வலைத்திரை) மைக்கிலேயே ஒட்டி வைக்காமல் மூன்று விரல்கிடை தள்ளி வையுங்கள். ஆலாபனையில் தலையை ஆட்டிப் பாடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஒலி ஏறி இறங்காது.

லெவல் (பதிவாகும் ஒலியின் அளவு) பார்க்கும்போது ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று பேசிப் பயனில்லை. பாட்டிலேயே உச்சமான இடத்தை முழுக் குரலில் பாடுங்கள். மீட்டர் −12 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். 24 பிட்டில் பதிவு செய்தால் அதற்குமேல் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. மீட்டரின் உச்சவரம்பான பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த ஒலியைத் திரும்பப் பெறுவது கடினம்.

ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் இருக்கும் சுவரிலிருந்து விலகுங்கள். ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் பதிவுக்கு ஆகாது. அதில் ஒலி தாமதித்து வருவதால் தாளம் பிசகும்.

கர்நாடக இசை பாடுபவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு சுருதியில். ஃபோனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். தம்புரா குரலோடு ஒரே டிராக்கில் கலந்துவிடும். பிறகு ஒரு வரியை வெட்டி இன்னொரு டேக்கிலிருந்து (மறுமுறை பாடிய பதிவிலிருந்து) ஒட்டினால், ஒட்டிய இடத்தில் தம்புராவின் மீட்டு தாவுவது பட்டெனத் தெரியும். இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டால் இன்னும் மோசம். விடாமல் ஒலிப்பதை அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தம்புராவைத் தின்னும்போது குரலின் கார்வையையும் (நீட்டி நிறுத்தும் ஒலியையும்) சேர்த்துக் கடிக்கும். எனவே மூடிய வகை ஹெட்ஃபோனில் சுருதியைக் கேளுங்கள். ஒரு காதைத் திறந்து வைப்பதானால், அந்தக் கிண்ணத்தைத் தலையோடு அழுத்தி வையுங்கள்; இல்லாவிட்டால் அந்த வழியாகவும் சுருதி மைக்குக்குள் போகும். கட்டையையும் (பாடும் சுருதி) ஆப்பில் வைத்த நுண்சுருதி அளவையும் குறித்துவைத்து, அதே அளவில் தம்புராவைத் தனி டிராக்காகப் பிறகு சேர்க்கலாம்.

சுருதி திருத்தும் ப்ளகின்னில் (பதிவு சாஃப்ட்வேரில் சேர்க்கும் துணைக்கருவி) எச்சரிக்கை தேவை. அது ஒவ்வொரு ஒலியையும் பன்னிரண்டு ஸ்வரங்களில் அருகிலுள்ள ஒன்றுக்கு இழுக்கும். தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) அசைந்தால்தான் தோடி. வேகமான அமைப்பில் அந்த அசைவு படிக்கட்டாக உடைந்துவிடும், ராகமே போய்விடும். நீட்டி நிறுத்தும் ஸ்வரங்களில் மட்டும், மெதுவான அமைப்பில் பயன்படுத்துங்கள். கமகம் (ஸ்வரத்தின் அசைவு) உள்ள வரி பிசகியிருந்தால் மறுபடி பாடுவதுதான் சரி.

கடைசியில் லிமிட்டரை (ஒலியின் உச்சத்தை மட்டுப்படுத்தும் கருவி) நெருக்கி ஒலியைப் பிதுக்க வேண்டாம். யூடியூப் சுமார் −14 எல்யூஎஃப்எஸ்-க்கு (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) மேல் உள்ளதைத் தானாகவே இறக்கிவிடும். அப்போது சத்தமும் கிடைக்காது, குரலின் ஏற்ற இறக்கமும் மிஞ்சாது. உச்சத்தை −1 டெசிபெலில் நிறுத்தி, வேவ் கோப்பாகச் சேமித்து, வீடியோவோடு சேர்த்து ஏற்றுங்கள்.