நூறு கட்டத் தாளில் தசமம்: நான் செய்த தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி வகுப்பில் கணக்கு எடுக்கிறேன். பத்துக்குப் பத்தாகக் கோடு போட்ட நூறு கட்டத் தாளைக் கொடுத்து 0.3-க்கு வண்ணம் தீட்டச் சொன்ன முதல் வருஷம், மூன்றே மூன்று சின்னக் கட்டத்தைத் தீட்டிவிட்டு நிமிர்ந்தவர்கள் பலர். எது முழுசு என்று நான் சொல்லவே இல்லையே!

இப்போது முதல் நாள் வண்ணப் பென்சிலே கிடையாது. தாளின் நாலு ஓரத்தையும் விரலால் சுற்றிவரச் சொல்லி, "இந்த மொத்தமும்தான் 1" என்கிறேன். அடுத்து, அதே அளவுத் தாளில் பத்துப் பட்டை மட்டும். மூன்று பட்டையைத் தீட்டி, நூறு கட்டத் தாளை மேலே வைத்து ஜன்னலோரம் பிடித்தால் முப்பது கட்டம் தெரியும். 0.3-உம் 0.30-உம் ஒன்றே என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பட்டையைத் தாண்டி நேரே நூறுக்குப் போவதுதான் பெரிய தவறு. தாள்களின் அளவு மாறினாலும் காரியம் கெட்டது.

0.35-ஐ "புள்ளி முப்பத்தஞ்சு" என்று வாசிக்க விடாதீர்கள். முப்பத்தஞ்சு நாலைவிடப் பெரிசு, ஆகவே 0.4 சிறிசு என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். "புள்ளி மூன்று ஐந்து" என்று சொல்லவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டச் சொல்லுங்கள்.

ரூபாய்–பைசா உதாரணத்தை நான் விட்டுவிட்டேன். 1957-இல் நூறு பைசா வந்தபோது அது பொருந்தியிருக்கும். பைசாவைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு 2.5 என்பது இரண்டு ரூபாய் ஐந்து பைசாதான். இங்கே பால் சொசைட்டிச் சீட்டு வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில் பாலின் கொழுப்புச் சதவீதம் நேற்று 3.9, இன்று 4.1. "எட்டு குறைஞ்சிருக்கு டீச்சர்" என்றான் ஒருவன், புள்ளிக்குப் பின்னால் மட்டும் பார்த்து. தாளில் அடுக்கியதும் இரண்டு பட்டை கூடியிருப்பதை அவனே கண்டுபிடித்தான்.

பெருக்கலில்தான் அதிகம் சறுக்கும். 0.3 × 0.4-க்கு மூன்று பட்டை நெடுக்கில் மஞ்சள், நாலு பட்டை குறுக்கில் நீலம். வண்ணம் பட்டதையெல்லாம் எண்ணினால் 58 வரும். இரண்டு வண்ணமும் சேர்ந்து பச்சையான 12 கட்டத்தை மட்டும் எண்ண வேண்டும்: 0.12. "பெருக்கினா குறையுமா டீச்சர்?" என்பார்கள். வீட்டில் பாட்டியிடம் பழைய பின்ன வாய்ப்பாட்டைக் கேட்டு வரச் சொன்னேன். "அரையில் அரை கால், காலில் அரை அரைக்கால்" என்று மறுநாள் ஒருத்தி ஒப்பித்தாள். அரைக்காலை, அதாவது எட்டில் ஒன்றை, தாளில் தீட்டச் சொன்னேன். இருபத்தைந்து கட்டத்தில் பாதி, பன்னிரண்டரை. அந்த அரைக் கட்டத்துக்காக ஒரு சின்னக் கட்டத்தைப் பத்தாகக் கீறி, ஐந்தைத் தீட்டினாள்: 0.125.