நவீன ஓவியம் பார்க்கப் பழகுவது எப்படி? சோழமண்டலத்திலிருந்து ஆரம்பிப்போம்

நவீன ஓவியத்தின் முன்னால் போய் நின்றதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன அர்த்தம்?" அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். முதலில் பார்க்கப் பழகுவோம்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கு நல்ல இடம் ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கியது. படம் வரைந்து மட்டும் வயிறு வளர்க்க முடியாத காலம் அது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில்தான் நிலமே வாங்கினார்கள்.

முதல் படி: அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, உங்களை இழுத்த ஒரே ஒரு படத்திடம் திரும்பி வாருங்கள். எரிச்சலூட்டிய படமாக இருந்தாலும் சரி. பத்து நிமிடம் அதற்குக் கொடுங்கள், கைபேசி பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, கண்ணில் படுவதை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை எடுத்துக்கொள்வோம். வரிவரியாக எழுத்து மாதிரி ஏதோ ஓடும், மலையாளம் போலத் தெரியும், வாசிக்கப் போனால் பிடி கொடுக்காது. நடுவில் ஜாதகக் கட்டம் போல ஒன்று, கணக்குக் குறிகள், எங்காவது ஒரு மீனோ பறவையோ. நம் வீட்டு ஜாதகத்தை நினைத்துப் பாருங்கள். மூலையில் மஞ்சள் தடவிப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம், நம்மில் எத்தனை பேருக்கு அதை வாசிக்கத் தெரியும்? ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு பயபக்தி வருகிறதே, அதுதான் பணிக்கரின் படத்துக்குள் நுழையும் வாசல் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் பத்தடி பின்னால் போங்கள். எழுத்தெல்லாம் கரைந்து துணியின் நெசவு மாதிரி ஆகிவிடும், நிறங்கள் முன்னுக்கு வரும். மறுபடி கிட்டே வாருங்கள்.

"இவருக்கு ஒழுங்காக வரையத் தெரியாதோ" என்று தோன்றினால் அவருடைய ஆரம்பகால நீர்வண்ண நிலக்காட்சிகளைத் தேடிப் பாருங்கள். அவ்வளவு லாவகமாக வரைந்த கைதான், வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு இந்த எழுத்துக்காட்டுக்குள் வந்தது.

சிற்பம் என்றால் நகர்ந்து பார்க்க வேண்டும். பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களின் பக்கவாட்டில் நின்று பாருங்கள், கனமே இருக்காது. தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்து, முகப்பை மட்டும் எழுப்பியிருப்பார். கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசம் ஞாபகம் வருகிறதா? அவர் எடுத்துக்கொண்டதும் அங்கிருந்துதான். பிறகு அந்தக் கம்பி வளைவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள், நகை வேலை பார்ப்பது போல இருக்கும்.

கடைசியாக, கலைஞர் யாராவது எதிரில் கிடைத்தால் தயங்காமல் பேசுங்கள். அர்த்தம் கேட்டால் பல பேர் சிரித்து மழுப்பிவிடுவார்கள். எந்தக் கோட்டில் ஆரம்பித்தீர்கள், எங்கே அழித்தீர்கள், இது முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள், உட்கார வைத்துப் பேசுவார்கள்.