எல்ம் மரங்களை நாமே கொல்லும் விதங்கள்

எல்ம் என்பது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தெருவோரம் நிற்கும் உயரமான நிழல் மரம். அதைத் தாக்கும் டச்சு எல்ம் நோய் 1960களின் இறுதியிலிருந்து பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்தது. கொல்வது ஒரு பூஞ்சை, அதைச் சுமந்து போவது பட்டை வண்டு. ஆனால் இத்தனை வீரியமான பூஞ்சை வட அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது, பட்டை உரிக்காத எல்ம் கட்டைகளைக் கப்பலில் ஏற்றிய மனிதர்களால்தான்.

அதே தவறு சின்ன அளவில் இன்றும் நடக்கிறது. பட்டுப்போன எல்மை வெட்டி, விறகுக்காகப் பட்டையோடு அடுக்கி வைக்கிறார்கள். அந்தப் பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும். உடனே எரிக்க வேண்டும், இல்லையென்றால் பட்டையை உரித்துவிட வேண்டும். வண்டு பறக்கும் கோடையில் கிளை கழிப்பதும் வேண்டாம். புது வெட்டுக்காயத்தின் வாசனை வண்டை இழுக்கும்.

அப்புறம், பலர் கவனிக்காதது வேர். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எல்ம்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி ஒன்றாகிவிடும். நோயுற்ற மரத்தை மட்டும் வெட்டினால் பூஞ்சை வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போய்விடும். முதலில் நடுவே பள்ளம் தோண்டி வேர்த்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் நோய் கண்ட மரங்களை உடனுக்குடன் அகற்றி வந்ததால்தான் அங்கே இன்னும் ஆயிரக்கணக்கான எல்ம்கள் நிற்கின்றன.

நடைபாதையை வேர் தூக்குகிறது என்று ஆரோக்கியமான மரத்தையே வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துச் செல்சி ரோட்டில், நோயிலிருந்து தப்பிய, அரிய பட்டாம்பூச்சி வாழும் ஓர் எல்மையே வெட்டும் பட்டியலில் சேர்த்தார்கள். மக்கள் போராடித்தான் அது பிழைத்தது. நடைபாதையைத் திருப்பிப் போடலாம், நூறு வருட மரத்தை முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தெரு முழுக்க ஒரே மரம் நடுவது. அமெரிக்க நகரங்கள் பல, எல்ம் போன இடத்தில் ஆஷ் என்ற வேறொரு நிழல் மரத்தை வரிசையாக நட்டன. 2002இல் டெட்ராய்ட் அருகே மரகத ஆஷ் துளைப்பான் வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் செத்தன. ஒரு நகரத்தின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மரவியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990இலேயே சொல்லியிருந்தார். நோய் தாங்கும் புது எல்ம் ரகங்களுக்கும் இது பொருந்தும். அவை குளோன்கள், அதாவது ஒரே மரத்தின் நகல்கள். இங்கிலீஷ் எல்ம் அவ்வளவு வேகமாக அழிந்ததற்கு அதன் மரங்கள் பெரும்பாலும் ஒரே குளோனாக இருந்ததும் ஒரு காரணம். அதனால் ஒரு ரகத்தை நட்டால், அடுத்த குழியில் வேறு இன மரத்தையே நடுங்கள்.