காலி கோட்டையில் கைத்தறிப் பரிசு வாங்குவோருக்கு

1988 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக விளங்கும் இலங்கையின் காலி கோட்டைக்குச் செல்பவர்கள், அதனுள் பழைய கட்டடமொன்றில் இயங்கும் 'பேர்ஃபுட்' கைத்தறிக் கடைக்குக் கட்டாயம் ஒருமுறை செல்ல வேண்டும். இலங்கை வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் அழுத்தமான வண்ணக் கோடுகள் கொண்ட துணிகளுக்கு இணையான பரிசு அரிது என்பது என் கருத்து.

எந்தக் கடையில் கைத்தறித் துணி வாங்கினாலும் கரையோரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணியை அகலவாட்டில் விரித்துப் பிடிக்கும் கழியின் முனையூசிகள் பதித்த நுண்துளைகள் அங்கே விட்டுவிட்டுத் தெரிந்தால், அது கைத்தறிக்கான நல்ல அடையாளம், குறையென்று ஒதுக்கிவிடாதீர்கள். அடர்நிறத் துணியைப் பரிசளிக்கும்போது, முதல் சில சலவைகளில் அதைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துமாறு ஒரு சிறு சீட்டில் எழுதி உடன் வைத்துக் கொடுங்கள்.