பழைய காரில் ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய காரின் ஏசி குளிரவில்லை என்று கடையில் நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கிடைக்கும் பதில் பெரும்பாலும் "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், போட்டுடலாம்" என்பதுதான். அந்தப் பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் நீர்மமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. பழைய ரப்பர் குழாய்களின் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது இயல்பே என்றாலும், ஒரு கோடையில் நிரப்பியது அடுத்த கோடைக்குள் காணாமல் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் மறுபடியும் கேஸ் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். கேஸ் சரியாகவே இருந்து, கோளாறு வேறிடத்தில் இருக்கும் வண்டிகளும் ஏராளம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காசிமேட்டின் உப்புக் காற்றும், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசும் முதலில் தாக்குவது வண்டியின் முகப்பில் இருக்கும் கண்டென்சரைத்தான். அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்பால் அரிக்கப்பட்டு, விரலால் தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே உள்நாட்டு ஊர்களில் ஓடும் அதே வயதுடைய வண்டியைவிட இங்குள்ள வண்டியில் கண்டென்சரையும் அதன் விசிறியையும் கூடுதல் ஐயத்துடன் பார்க்க வேண்டும்.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் சோதனைகளின் காரணம் புரியும். கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடேற்றி அனுப்புகிறது. கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு அதை நீர்மமாக்குகிறது. டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைக் கடந்தவுடன் அழுத்தம் சட்டெனக் குறைவதால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் நீர்மம் ஆவியாகி, புளோயர் தள்ளும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இவற்றில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே: காற்று குளிரவில்லை.

முதலில் அளந்துகொள்ளுங்கள். முனையில் கம்பியுள்ள சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை டேஷ்போர்டின் நடு வென்ட்டில் (காற்று வெளிவரும் திறப்பில்) செருகி, வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உட்காற்றே சுழலும் நிலையில் லீவரை வைத்து, எஞ்சினைச் சுமார் 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வரை கிடைத்தால் ஏசி நலமாகவே இருக்கிறது. வண்டி வெயிலில் காய்ந்து கிடந்ததும், கதவு ரப்பர்கள் பழுதாகி வெக்கைக் காற்று உள்ளே வருவதும் பல நேரங்களில் ஏசியின் குற்றமாகத் தோன்றும். அளவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கவே மறுத்தால் அடுத்த சோதனைகளுக்குச் செல்லுங்கள்.

காற்றே குறைவாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையா என்பதைப் பிரித்தறிவது அடுத்த வேலை. புளோயர் அறவே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், ஏறத்தாழ எப்போதும் புளோயரின் வேகத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர்தான் எரிந்திருக்கும். அது விலை குறைந்த, எளிதில் மாற்றக்கூடிய பாகம். மோட்டார் சத்தமாகச் சுற்றியும் காற்று பலவீனமாக வந்தால் அடைப்பு இருக்கிறது. பழைய சிறிய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. ஆண்டுக்கணக்கான தூசு நேராகக் கூலிங் காயிலின் மேல் ஈரத்துடன் சேர்ந்து சேறுபோல் அப்பிவிடும். ஏசி போட்டவுடன் வரும் ஊறல் நாற்றத்துக்கும் இதுவே காரணம். வாசனைத் திரவியம் தெளித்து இதைத் தீர்க்க முடியாது; காயிலைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டியானால், புளோயர் மோட்டாரின் கனெக்டரைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்று நன்றாக வந்தும் குளிரவில்லை என்றால், யாரும் எளிதில் நினைக்காத ஓர் இடத்தை முதலில் சோதியுங்கள்: ஹீட்டர். சென்னையில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் அதன் கேபிள் நழுவியோ வால்வு முழுதும் மூடாமலோ இருந்தால், எஞ்சினின் கொதிநீர் ஹீட்டர் காயிலுக்குள் ஓடி, குளிர்ந்த காற்றை மறுபடியும் சூடாக்கிவிடும். லீவரைக் குளிர்ப் பக்கம் வைத்து, எஞ்சின் சூடான பின், வால்வைக் கடந்து உள்ளே செல்லும் ஹீட்டர் குழாயை எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். அது கொதித்தால் வால்வு மூடவில்லை. வால்வே இல்லாமல் டேஷ்போர்டுக்குள் ஒரு தடுப்புப் பலகை மட்டும் உள்ள வண்டிகளில் குழாய் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். அவற்றில் அந்தப் பலகை முழுதும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ரசர். ஏசி பட்டனை அழுத்தியதும் "டக்" என்ற ஒலி கேட்டு, பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியின் முன்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், அந்தத் தட்டைப் புல்லியுடன் ஒட்டவைக்கும் மின்காந்தக் கிளட்ச்சின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மின்சாரம் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கிளட்ச்சின் காயில் எரிந்திருக்கலாம், அல்லது தேய்மானத்தால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். காலையில் நன்றாக வேலை செய்து, எஞ்சின் சூடேறிய பின் கம்ப்ரசர் விட்டுவிடுகிறது என்ற புகாருக்கு இந்த இடைவெளியே அடிக்கடி காரணமாகிறது. வாஷரை மாற்றிச் சரிசெய்யக்கூடிய இந்தக் குறைக்காகக் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்சாரமே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, தெர்மோஸ்டாட், பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரஷர் ஸ்விட்ச் தடுக்கிறது என்றால் அது கேஸ் குறைவைக் காட்டும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். அதை ஒயரால் நேரடியாக இணைத்து வண்டியை ஓட்டினால், கேஸுடன் சுற்றும் எண்ணெய் கிடைக்காமல் கம்ப்ரசர் இறுகிப் போகும்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெக்கையாகிறது என்பது வடசென்னையில் மிகுதியாகக் கேட்கும் புகார். மூலக்கடை சந்திப்பிலும் மணலி செல்லும் சாலையிலும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்லும்போது கண்டென்சருக்கு எதிர்க்காற்று கிடையாது. விசிறி ஒன்றே துணை. ஏசி ஓடும்போது அந்த விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் விசிறி எதிர்பாராமல் சுற்றத் தொடங்கலாம் என்பதால், கை வைக்கும் முன் சாவியை எடுத்துவிட வேண்டும். விசிறி சரியாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரே போதுமான சோதனை: ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது கண்டென்சரின் மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். வென்ட்டின் வெப்பம் மளமளவென்று இறங்கினால், குறை கண்டென்சர் சூட்டை வெளியேற்றுவதில்தான் இருக்கிறது என்று நம்பலாம். கழுவும்போது அழுத்தமான பீய்ச்சலைத் தவிர்த்து, இயன்றவரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் விட வேண்டும். எதிர்ப்பக்கமாக விட்டால் தூசு இன்னும் உள்ளே இறுகும். தகடுகள் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தால் கழுவுவதில் பயனில்லை. கண்டென்சரை மாற்றுவதே வழி. புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், வேறு வண்டியில் அரிப்புக்கு உள்ளான கண்டென்சரையும் திறந்து கிடந்த டிரையரையும் வாங்கிப் பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே கேஸ் பக்கம் திரும்ப வேண்டும். கடையில் அழுத்தத்தை அளக்கும் இரட்டை முள் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆர்134ஏ என்ற வகை ஏசி கேஸ் உள்ள வண்டியில், 30 டிகிரி வெப்பமுள்ள காலை வேளையில் எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது இரண்டு முட்களும் ஏறத்தாழ 95 முதல் 100 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு: உள்ளே சிறிதளவு நீர்மம் இருந்தாலே இந்த அழுத்தம் வந்துவிடும் என்பதால், கேஸின் அளவு சரி என்பதற்கு இது சான்று ஆகாது. மிகக் குறைந்தால் கேஸ் ஏறக்குறைய காலி என்றும், மிகக் கூடினால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்றும் கொள்ளலாம்.

எஞ்சின் ஓடும்போது, 35 டிகிரி நாளில், தாழ்ந்த பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐயும் உயர்ந்த பக்கம் (அது அழுத்தி அனுப்பும் பக்கம்) 200 முதல் 250 பிஎஸ்ஐயும் தோராயமான நல்ல அளவுகள். இரண்டும் குறைந்தால் கேஸ் குறைவு. இரண்டும் கூடினால் அளவுக்கு மீறிய கேஸ், உள்ளே புகுந்த காற்று அல்லது சூட்டை விடாத கண்டென்சர். தாழ்ந்தது கூடி உயர்ந்தது குறைந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். தாழ்ந்த பக்கம் மட்டும் சுழியத்தை நோக்கி இறங்கி, வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் சரியானால், உள்ளே புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கிறது.

கேஸ் குறைவு உறுதியானால், கசிவைத் தேடச் சொல்லுங்கள். கேஸுடன் எண்ணெயும் வெளியேறுவதால், இணைப்புகளிலும் கண்டென்சரிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். கம்ப்ரசரின் முன்பக்கத்தைச் சுற்றி வட்டமாக எண்ணெய் தெறித்திருந்தால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, முள் இறங்குகிறதா என்று பொறுத்திருந்து பார்ப்பதே நம்பகமான முறை. டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்ற எவரையும் அனுமதிக்காதீர்கள். அதில் ஈரம் இருக்கிறது, மேலும் அழுத்தத்தில் காற்றுடன் கலந்த ஆர்134ஏ தீப்பற்றக்கூடும். வெளியில் எங்கும் கசிவு இல்லை என்றால் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் கடைகள் தயங்கும். இருந்தாலும் அதைத் தவிர்த்துவிட்டு கேஸ் நிரப்புவதில் பொருளில்லை.

பழுது நீங்கிய பின் வேக்கம் போடுவதில், அதாவது குழாய்களில் உள்ள காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சுவதில், அவசரம் கூடாது. கடலோர ஈரக் காற்றில் திறந்து வைத்த குழாய்களில் இருந்து ஈரத்தை இழுத்தெடுக்கக் குறைந்தது அரை மணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். நிறுத்திய பின் கால் மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். குழாய்களைத் திறந்த ஒவ்வொரு முறையும் டிரையரை மாற்றுவது நல்லது. கேஸை முள்ளின் கணக்கில் நிரப்பாமல், பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாளில் குறிப்பிட்டுள்ள கிராம் அளவுப்படி எடை போட்டே நிரப்ப வேண்டும். 1990களின் வண்டிகள் சிலவற்றில் ஆர்12 கேஸ் இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதால், அவற்றை ஆர்134ஏவுக்கு மாற்றும்போது எண்ணெய், டிரையர், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களான ஓரிங்குகள் ஆகியவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். விலை குறைவு என்று எரிவாயுக் கலவையை நிரப்பச் சம்மதிக்காதீர்கள். அது டேஷ்போர்டுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

வேலை முடிந்ததும், எத்தனை கிராம் கேஸ் ஏறியது, எந்த எண்ணெய் எவ்வளவு ஊற்றப்பட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் குளிர்ச்சி குறைந்தால், உள்ளே இருக்கும் கேஸை இயந்திரத்தின் மூலம் வெளியே எடுத்து எடை பார்த்து, இந்த எண்ணுடன் ஒப்பிட்டால், கசிவு உண்டா, அது எவ்வளவு விரைவானது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.